“பரவாயில்லை” என்றாள் உன் அம்மா

குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் நலம், ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம். போனில் சொல்லாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே அடக்கிவிடுகிறாள், அப்புறம் “எனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கேன்” என்று அவளே பேசி முடித்துவிடுகிறாள். இன்றைக்கு அவள் மாமாவின் புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போயிருக்கிறாள், தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அந்த ஒரு வரியை உனக்கு எழுதத்தான் தாளை எடுத்தேன், எடுத்த பிறகு முழுக்கதையையும் சொல்லாமல் விட மனசில்லை.

போன வருடம் அம்மாவுக்கு அக்கி வந்தது உனக்குத் தெரியும். கொப்புளமெல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னோம், அதில் பொய்யில்லை, ஆனால் புண் போன இடத்தில் வலி குடிவந்துவிட்டது. வலது விலாவிலிருந்து முதுகுவரை ஒரு பட்டைபோல. நரம்பு வலியாம். தீ அணைந்த வீட்டில் உள்ளே வயர் கருகிக் கிடந்தால் எப்படியோ அப்படி என்று டாக்டர் சொன்னார், காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சட்டை உரசினால் போதும், துடித்துப்போவாள். இடது கையால் துணியை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சமைப்பாள். அப்போது ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நல்லவேளையாக அது ஒத்துக்கொண்டது, மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஆனால் அது கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை இல்லையாம், மாதாமாதம் டாக்டர் நேரில் பார்த்து எழுதிய சீட்டு இருந்தால்தான் மருந்துக் கடையில் தருவார்கள்.

அந்த மருத்துவமனையோ ஊரின் அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்கு மருந்து வாங்கப் போய் வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு டியூப்லைட் மாதக்கணக்காகக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு ஏணி கொடுத்தால் நானே சரிசெய்துவிடுவேன், கொடுக்கமாட்டார்கள். உள்ளே போனால் இரண்டு நிமிடம், அதே சீட்டு, அதே மாத்திரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுன்டரில் இருக்கிற பெண்ணிடம், “ஏம்மா, ஆளும் அதே ஆளு, வலியும் அதே வலி, மாத்திரையும் அதே மாத்திரை. மூஞ்சியைப் பார்த்துத்தான் எழுதணும்னா ஒரு போட்டோ தர்றேன், சுவத்துல மாட்டி வெச்சுக்குங்க” என்றேன். “பார்க்காம எழுதக் கூடாதுங்க ஐயா, நான் என்ன பண்ணட்டும், ரூல்ஸ்” என்றாள் பாவம். அன்றிலிருந்து உன் அம்மா என்னை டாக்டர் அறைக்குள் விடுவதில்லை, வந்தால் சண்டைக்கு நிற்பேனாம்.

அதுதான் வினையாகப் போனது. இரண்டு மாதத்துக்கு முன் பழைய டாக்டர் மாற்றலாகிப் போய் ஒரு புது டாக்டர் வந்தாள், உன்னைவிடச் சின்னப் பெண். அம்மா தனியாகத்தான் உள்ளே போனாள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கடைக்குப் போனால் மருந்துக்காரர் வேறு அட்டையை எடுத்து வைத்து, “டோஸைப் பாதியாக் குறைச்சிருக்காங்களே ஐயா, நல்ல சேதிதானே” என்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்காரவைத்துக் கேட்டேன், என்னடி சொன்னே அந்தப் பொண்ணுகிட்ட என்று. “எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, பரவாயில்லைம்மான்னு சொன்னேன். காலையிலேருந்து வலி வலின்னு சொல்றவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கா பாவம், நானாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமேன்னு தோணுச்சு” என்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பிப் போய்ச் சொல்லலாம் வா என்றால், சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது, பாதியே போதும், சமாளித்துக்கொள்வேன் என்று பிடிவாதம்.

சமாளிக்க முடியவில்லை குட்டிம்மா. இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது, பழையதைவிட மோசமாகவே வந்தது. படுக்க முடியாமல் சமையலறை நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள். வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாமல் போனது, நான்தான் தலை வாரிவிட்டேன். நீ போன் செய்த அன்று குழந்தை பாடிக் காட்டினானே, அன்று வாயில் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு கேட்டாள், பாட்டு முடிந்ததும் துண்டை எடுத்துவிட்டு “அழகா பாடறான்டி” என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டேன், நேரில்தான் வரவேண்டும், அதுவும் அடுத்த வாரம்தான் இடமிருக்கிறது என்றார்கள். சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிக் கத்திவிட்டுப் போனை வைத்தேன். பிறகு மருந்துக் கடைக்கு ஓடினேன். சீட்டில்லாமல் ஒரு மாத்திரைகூடத் தர முடியாது என்று அவரும் கையை விரித்துவிட்டார், ஆனால் என் முகத்தைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, வரிசையில் நின்றவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவரே மருத்துவமனைக்குப் போன் செய்து, நிலைமையைச் சொல்லி, யாரோ வரமுடியாது என்று சொல்லியிருந்த இடத்தை மறுநாள் காலைக்கு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். எதிர்முனையில் அதைப் பார்த்துக் கொடுத்தது யார் தெரியுமா, நான் கத்தினேனே, அதே கவுன்டர் பெண்.

மறுநாள் டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனேன், அம்மா தடுத்தும் கேட்காமல் நானும் உள்ளே நுழைந்தேன். டாக்டர் எப்படிம்மா இருக்கு என்று கேட்டாள். உன் அம்மா புன்னகையோடு “பரவாயில்லைம்மா” என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டாக்டர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள், என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த ஜடையை யாரு பின்னினது?” என்றாள். உன் அம்மா எவ்வளவு நறுவிசாகப் பின்னிக்கொள்வாள், அன்றைக்கோ நான் கேபிள் கட்டுகிற மாதிரி முறுக்கி மூன்று இடத்தில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். “எத்தனை நாளா நீங்களே பின்னிக்க முடியலை?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஒரு துளிப் பஞ்சை எடுத்து, சட்டையை விலக்கி, விலாவில் பட்டும்படாமல் தடவினாள். பஞ்சு, குட்டிம்மா. உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்துவிட்டது. அப்புறம் அழுதாள். வலிக்கிறது, ரொம்ப வலிக்கிறது, என்னால் முடியவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அழுது முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, “போன தடவையே நான் இப்படிக் கேட்டிருக்கணும், தப்பு என்மேலதான்மா” என்றார். ஆமாம், “என்றார்” என்றுதான் எழுத வருகிறது, அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் டாக்டரம்மாதான். போனில் கேட்டிருந்தால் பரவாயில்லை என்கிற குரல்தான் போயிருக்கும், ஜடை போயிருக்காது. நான் இத்தனை மாதம் திட்டிய ரூல்ஸ்தான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது, ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது.

அதற்காக அது நல்ல ரூல்ஸ் என்று சொல்லமாட்டேன். வலியோடு இருக்கிறவளை இரண்டு பஸ் ஏற்றி அலையவைப்பது அநியாயம்தான், அதை டாக்டரம்மாவிடமே சொன்னேன். மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார், ஆனால் கூட்டமில்லாத பஸ்ஸில் வந்துபோகிற மாதிரி மத்தியான நேரத்தையே இனி எங்களுக்கு எழுதச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். மருந்தைப் பழைய அளவுக்கு உயர்த்தி, பூசிக்கொள்ள ஒரு களிம்பும் சேர்த்துக் கொடுத்தார். வெளியே வந்து கவுன்டர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், “எங்கப்பாவும் இப்படித்தாங்க கத்துவாரு” என்று சிரித்துவிட்டாள். மனுஷர்கள் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், நாம்தான் கவுன்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கோபப்படுகிறோம்.

போன வாரம் ஒரு மத்தியானம் அம்மா வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். காலிங் பெல் வயரைக் கழற்றிவிட்டு நான் ஹாலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, கொடியில் துணியெல்லாம் நனைகிறது, பால்கனிக் கதவைத் திறந்தால் கிறீச்சிடுமே என்று எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்து பார்த்தவள், “வீட்டுல ஒரு ஆள் இருந்து என்ன பிரயோஜனம்” என்று ஆரம்பித்துக் கல்யாணமான நாளிலிருந்து நான் நனையவிட்ட துணி அத்தனையையும் சொல்லித் திட்டினாள். நடுவில் நிறுத்தாமல், விலாவைப் பிடித்துக்கொள்ளாமல், முழுசாகத் திட்டினாள். கேட்டுக்கொண்டே நின்றேன், நிறுத்தியபோது இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவை எப்படி இருக்கே என்று கேட்காதே, இன்றைக்கு என்ன தைத்தாய், எந்தப் பக்கம் படுத்தாய் என்று கேள். உன்னையும் நான் இனி அப்படித்தான் கேட்கப்போகிறேன், “நல்லாயிருக்கேம்ப்பா” என்கிற பதில் இந்த வீட்டில் இனிமேல் செல்லாது.

உன் நலமே வேண்டும்,
அப்பா