பதினாறாவது பலகை

பாறசாலை,
21 ஜனவரி 1956

அன்பு மகன் சுவாமிதாஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம், மதராசில் நீயும் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மைக்குக் கண்ணாடி உடைந்து கிடப்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன், ஹாஸ்டல் சோறு வேகவில்லை என்ற வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிரேமகுமாரி மலையாளத்தில் படிக்கிறாள், தமிழில் ஜெபிக்கிறாள், இரண்டிலும் உன்னைத் திட்டுகிறாள், தங்கைக்கு இரண்டு வரி எழுதக்கூடாதா. களியக்காவிளைக்குத் தெற்கே எல்லாம் மதராசோடு சேரும், நாம் மலையாளத்துப் பக்கமே நிற்போம் என்று பேப்பரில் போட்டாயிற்று. மதராசோடு சேரவேண்டும் என்று சந்தையில் ஊர்வலம் போய்த் தொண்டை கிழியக் கத்தினவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை.

வணிகத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்று உங்கள் புரொபசர் பி.காம். பிள்ளைகளை எல்லாம் ஒரு மாதம் கடைகளில் நின்று வேலை பழகச் சொன்னது நல்ல காரியம். நீ நம் பலசரக்குக் கடையிலேயே நிற்க வருகிறாய் என்றதும் அம்மைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதற்காக நீ புரொபசருக்கு எழுதிக் கொடுத்து, கடிதத்தோடு எனக்கும் நகல் அனுப்பின கட்டுரையை வாசித்த நாள்முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்குமுன் அப்பா கடைவாசலின் பதினாறு பலகையையும் வரிசையாகச் சொருகி அடைத்துவிடுவார், ஊர்வலத்தன்று தடியடி தொடங்குமுன் அப்படி அடைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். புரொபசர் அதை வகுப்பில் வாசித்து, கை தலையைக் கேட்காமல் வேலை செய்யவேண்டும், அதுதான் பழக்கம் என்று புகழ்ந்தாராம். அந்தக் கைப்பழக்கத்தை எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று நீ கேட்டிருக்கிறாய்.

மக்கா, அன்று நான் தடியடிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பது பொய். உன்னிடமும் ஊராரிடமும் அப்படியே சொல்லிவைத்தேன். பதினைந்து பலகை போட்டுப் பதினாறாவதைக் கையில் எடுத்தபோது தடியடிக்குத் தப்பி நேசையன் ஓடிவந்தான், கோவிலில் நமக்குப் பின்பெஞ்சில் இருப்பானே அவன்தான். ஊர்வலத்துக்கு வந்தவனில்லை, மரச்சீனிக் கிழங்கு விற்க வந்தவன். அந்த ஒரு பலகை அகலத்தில் அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. அண்ணே, நானாக்கும், என்னை உள்ள விடும் என்றான். விடவேண்டும் என்றுதான் நினைத்தேன், நினைத்து முடிக்குமுன் கை பலகையைச் சொருகித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டது. முப்பது வருஷம் பழகின கை. அதற்குப் பிறகாவது திறந்திருக்கலாம், திறக்கவில்லை, அதைக் கையின்மேல் போட முடியாது, பயந்து நின்றது நான். அவன் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தான், பிறகு தட்டுவது நின்றுவிட்டது. தலையில் அடிபட்டு ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான், அதுவரை அவனுக்குப் பேச்சே வரவில்லை.

இப்போது கடைசிப் பலகையை உன் அம்மைதான் போடுகிறாள், தோள்வலி என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல பகலில், வாசல் முழுக்கத் திறந்து கிடக்கும்போதும், ஒரு பலகை அகலத்துக்கு மட்டும் அவன் நிற்கிறான். திருவிருந்தில் அப்பம் வாங்கக் கை நீட்டவே கூசுகிறது. அவன் பெண்டாட்டி புஷ்பபாய் வாரந்தோறும் நம் கடைக்குத்தான் வருகிறாள். அண்ணன் அன்னைக்கு கடையில உண்டும்னா அவரை உள்ள விட்டிருப்பீரு என்று அவள் சொல்லாத வாரமில்லை. நான் ஒரு பிடி புளி கூடுதலாகப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்துகொள்கிறேன்.

நாளை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். அம்மைக்கு இன்று சாயங்காலமே சொல்லிவிடுவேன். நாளைவரை வைத்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுவேன் என்று தெரியும், அதனால் இப்போதே தபாலில் போடுகிறேன். நீ வந்து கடையில் நிற்கும் நாட்களில் புஷ்பபாயைக் காணவில்லை என்றால் ஏன் என்று கேட்காதே. அவள் வழக்கம்போல் வந்து, அண்ணன் அன்னைக்கு உண்டும்னா என்று சொன்னால், நான் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்போது நீ என்னைச் சும்மா விடாதே.

திருநெல்வேலியில் இறங்கினதும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறு, கூட்ட வண்டியில் தொங்கிக்கொண்டு வராதே. அம்மை எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே. கட்டுரையைத் திரும்ப வாங்கி, அப்பா பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தார் என்ற வரியை அடித்துவிடு. பதினாறாவது பலகை போடும்போது வெளியே நேசையன் நின்றான் என்று எழுது, அவன் பெயரைப் போட்டே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானசிகாமணி