முதல் பாடத்துக் கேள்விகள்

பெக்கோக், மலாயா, 1943

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியை விட்டுவிட்டார்கள். காய்ச்சல் குறையவில்லை, ஆனால் வீட்டில் இருக்கிறான். சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

நேற்று அம்மாவும் நானும் ஜப்பானிய அதிகாரியைப் பார்க்கப் போனோம். "ஒரே பிள்ளைன்னு சொல்லு. மூத்தவன் பேச்சையே எடுக்காத," என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். அதிகாரிக்கு மலாய் வராது. எதிரி மொழி என்பதால் ஆங்கிலம் பேச எனக்குப் பயம். அவர் மேசையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கிடந்தது. கல்லூரியில் ஒரு வருடம் படித்ததை நம்பி பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் சைகோனில் இருந்தாராம். நாற்காலி போடச் சொன்னார்.

பெயர் கேட்டார், வயது கேட்டார். எல்லாம் எங்கள் முதல் பாடத்துக் கேள்விகள். வகுப்பில் கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அந்தப் பதில்களை ஜெபம்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார். ஓர் அண்ணன், ஒரு தம்பி என்றேன்.

உங்கள் பெயரையும், எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் கேட்டார். இரண்டையும் சொன்னேன்.

அவர் சிரித்தபடியே தம்பி பெயரை அடித்துவிட்டு, அதன் கீழே ஒரு வரி எழுதினார்.

"சிரிக்கிறாருடி! உன் படிப்பு வீட்டைக் காப்பாத்திருச்சு," என்றாள் அம்மா. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுகிறவள் நான்.

உங்கள் தங்கை