யாருலே விட்டா?

ஆர்.கே. புரம், புது டில்லி.
1983 நவம்பர் 20, ஞாயிறு, காலை பத்தேகால் மணி. இன்று மைதானத்துக்கு வந்த பையன்கள் நாற்பத்தொரு பேர். யாரும் கூப்பிட்டு வரவில்லை.

அன்புள்ள ஜோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கும் செல்விக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். நீ ரயிலேறிப் போய் எட்டு நாள் ஆகிறது, போபால் போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய கார்டு புதன்கிழமை வந்தது. குளிர் ஆரம்பித்துவிட்டது, ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு அடிக்கக் கொடுத்திருக்கிறோம். அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உனக்கு அப்பளமும் வடகமும் வாங்கி வைத்திருக்கிறாள், பார்சல் வரும். செல்விக்கு அரையாண்டுப் பரீட்சை, கணக்கைப் பார்த்தால் பயம், நான் இரண்டு தரம் பொறுமையாகச் சொல்கிறேன், மூன்றாம் தரம் கத்திவிடுகிறேன், அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போய்விடுகிறாள். நீ லேத் மெஷின் முன்னால் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்காதே, எவ்வளவு குளிரானாலும் சரி, மெஷினுக்குக் கையும் தெரியாது கம்பளியும் தெரியாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். எனக்கு இந்தி எழுத வராது, இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மெமோ மாதிரி ஆகிவிடும். அதனால் மெதுவாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே, கடைசி வரை படி. கடைசி வரை என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இன்று காலை சாமி சாரின் சைக்கிளில் தொங்கும் அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பந்தையும் பம்ப்பையும் பையன்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம், எனக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும். ஆனால் ஆறு மணிக்கு சாக்கடைப் பக்கத்துக் கோல் கம்பத்தின் கீழே நாற்பத்தொரு பேர் மஃப்ளர் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். பன்ட்டி, உன் லெஃப்ட் பேக், கேட்டான், 'அங்கிள், சாமிஜி கா சைக்கிள் கௌன் லேகா?' சாமிஜியின் சைக்கிளை இனி யார் எடுத்துக்கொள்வார் என்கிறான். அந்தப் பேரைக் கேட்டதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். அடைக்கலசாமி என்ற மினிஸ்ட்ரி கிளார்க்கை இந்த செக்டார் முழுக்க சாமிஜி ஆக்கி, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு பஞ்சாபி அம்மாள் காலைத் தொட வந்ததும், 'மாதாஜி, நான் யூ.டி.சி.தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறவன்' என்று அவர் இந்தியும் தமிழுமாகப் பின்னால் நகர்ந்ததும். பதினோரு வருஷம் உங்களுக்குக் கோச்சாக இருந்த அந்த மனிதர் ஒரு பந்தை நேராக உதைத்து நான் பார்த்ததில்லை. ரூல்ஸைப் புத்தகம் பார்த்துப் படித்தார். என்னிடமே ஒரு தரம் சொன்னார், 'வே சுப்பையா, ஆப்சைடு என்னான்னு எனக்கு இன்னும் பாதிதான் புரிஞ்சிருக்கு, பயலுவகிட்டச் சொல்லிராதியும்.'

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. கோல் போட்டால், 'யாருலே குடுத்தா?' போட்டவன் பந்து கொடுத்தவன் பேரைச் சொல்ல வேண்டும். கோல் வாங்கினால், 'யாருலே விட்டா?' விட்டவன் தானாகக் கை தூக்க வேண்டும், அடுத்தவன் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவரும் திட்ட மாட்டார், கீப்பர் பந்தை எடுத்து நடுவுக்கு உதைக்கும்வரை கை மேலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. இந்திக்காரப் பையன்களுக்கு 'யாருலே' என்பது 'யார், லே', அதாவது தோழா இந்தாப் பிடி என்று காதில் விழுந்து, பந்து கொடுக்கும்போதெல்லாம் அதையே கத்த ஆரம்பித்ததும், அவர் திருத்தாமல் விட்டதும் நீ எனக்குச் சொன்ன கதைதான். தப்பாகக் கேட்டதில் அவர்களுக்கு ஒரு நல்லது நடந்தது. நான் தப்பாகக் கேட்டதை இப்போது எழுதுகிறேன்.

தேதி வாரியாகவே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு மறுநாள், ஐந்தாம் தேதி, வயிற்றுப் புண்ணோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் மனைவி லூசி அக்கா தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் தூத்துக்குடி போயிருந்தார்கள், ஆகவே பொறுப்பு முழுக்க என்னுடையது. ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன், ஆபரேஷன் இந்த வாரத்தில் ஒரு நாள் என்றார்கள். திங்கட்கிழமை சப்ஸ்டேஷனில் ஒரு கேபிள் எரிந்துபோய் என்னால் நகர முடியவில்லை. எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆபீஸிலிருந்து வார்டுக்கு போன் செய்தேன். ஒரே இரைச்சல். அங்கிருந்த ஆள், 'அடைக்கல்சாமி? ஆபரேஷன் கல்' என்றான். நான் 'அச்சா அச்சா' என்று போனை வைத்துவிட்டேன்.

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும், நீ இங்கேயே வளர்ந்தவன். இந்தியில் நேற்றைக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். எது என்று வினைச்சொல்தான் சொல்லும், அது நம் பேச்சில் போலவே கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் நான் போனை வைத்துவிட்டேன். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. ஆபரேஷன் திங்கட்கிழமையே முடிந்திருந்தது. நான் நாளைக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு நீ டிரங்க் கால் போட்டாய். 'இன்னைக்கு ராத்திரி வண்டிக்குக் கிளம்பட்டுமாப்பா' என்று கேட்டாய். 'அவசரப்படாதலே, ஆபரேஷன் நாளைக்குத்தான், லீவை வீணாக்காத, அவர் தெளிஞ்சப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்' என்று நான்தான் சொன்னேன். புதன்கிழமை ஆபீஸ் விட்டு ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி போனேன். கட்டிலில் வேறு விரிப்பு விரித்திருந்தார்கள். மூன்று மணிக்கே போய்விட்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்த ராவத் என்ற கட்வால் மலைக்காரர் சொன்னார், செவ்வாய் முழுக்கவும் புதன் மத்தியானம் வரையிலும் நினைவு இருந்ததாம், கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்து, 'மேரா கீப்பர் ஆயேகா', என் கீப்பர் வருவான் என்று சொன்னாராம். ராவத் என்னைப் பார்த்து, நீங்கள்தானா அந்தக் கீப்பர் என்று கேட்டார். இல்லை, என் மகன் என்றேன். செவ்வாய் இரவு நீ வண்டி ஏறியிருந்தால் புதன் காலை ஏழு மணிக்கு டில்லி. ஏழிலிருந்து மூன்று, எட்டு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து வர ஒரு மணி கழித்தாலும் ஏழு. பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார், அது வேறு கணக்கு. அந்த ஏழு மணி நேரம் உன்னுடையது, அவருடையது, அதை நான் எடுத்துவிட்டேன்.

அன்று இரவே தந்தி கொடுத்தேன், நீ வந்தாய். வெள்ளிக்கிழமை காலை லூசி அக்கா பிளேனில் வந்து இறங்கி, மாலை அடக்கம் முடிந்து, கல்லறை கேட்டில் நீ என்னிடம், 'ஆபரேஷன் பண்ணின அன்னைக்கே போயிட்டாரு, அப்ப யாரு வந்திருந்தாலும் ஒண்ணும் பிரயோஜனம் இல்லதானேப்பா' என்றாய். நான் 'ஆமா' என்றேன். அந்த ஆமாவைத்தான் ஒன்பது நாளாக வாயில் வைத்திருக்கிறேன். லூசி அக்கா நர்ஸ், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஆபரேஷன் தேதியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, காபி கொடுத்தார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, பத்தொன்பதில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள், இருபதில் நீ. அதனாலோ என்னவோ நமக்குள் அப்பா பிள்ளை பேச்சைவிடச் சண்டைதான் அதிகம், சண்டை போட்டிருந்தால்கூட அன்றைக்குச் சொல்லியிருப்பேன். நீ அழுதுகொண்டிருந்தாய். என் வேலையில் ஃபால்ட் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்போம். இங்கே கண்டுபிடித்துவிட்டேன், மீதிப் பாதி என்று ஒன்று இல்லவே இல்லை.

இன்று இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். கோல் ஒன்று விழுந்தது. கேட்க ஆள் இல்லை. பிறகு பன்ட்டி தானாகக் கையைத் தூக்கினான். கீப்பர் பயல் மூக்கைத் துடைத்துக்கொண்டு பந்தை எடுக்க நேரமாயிற்று, அதுவரை கை மேலேயே இருந்தது. நான் வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பு நன்றாக இருக்கட்டும், கைவேலை நன்றாக வரட்டும், எந்த மெஷினும் உன்னைத் தொடாமல் இருக்கட்டும். ஸ்வெட்டர் விஷயத்தை மறக்காதே. நான் செய்யப்போவது:

1. இன்று மாலை லூசி அக்கா வீட்டுக்குப் போய், இதே வரிசையில் சொல்வேன்.
2. நாளை ராவத்தைப் பார்ப்பேன். சாமி சார் வேறு என்ன சொன்னார் என்று கடைசி வார்த்தை வரை கேட்டு உனக்கு எழுதுவேன்.
3. ஞாயிறு தோறும் ஆறு மணிக்குப் பந்துகளுக்குக் காற்றடித்து, பிளாடர் ஒட்டி வைப்பேன். கோச் வேலை செய்ய மாட்டேன், அது எனக்கு வராது.
4. வினைச்சொல் வரும்வரை போனை வைக்க மாட்டேன்.
5. கோல் வாங்கியவன் நீ. நீ பந்தை எடுக்கும்வரை என் கை மேலேயே இருக்கும்.

உன் அப்பா,
சுப்பையா