ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதே

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மறுநாள் கேட்பதில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்த இருமலெல்லாம் விட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஃபோனில் பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது, மீதியை அப்பா தன் இஷ்டத்துக்குக் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருப்பார், அதனால் நானே முழுசாக எழுதிவிடுகிறேன். பயப்படாமல் படி. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா ஜெயித்துவிட்டாள், அதைத்தான் எழுதப் போகிறேன்.

பக்கத்து வீட்டு பிசிக்ஸ் சார் தெரியுமே, உனக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் எடுத்தவர், அவர் காரில் சைலன்ஸர் கழன்று தொங்கி, தெருமுனையில் திரும்பும்போதே தகர டப்பாவை இழுத்து வருவது போலச் சத்தம் கேட்கும். மெக்கானிக் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ரெண்டு போல்ட்டு தானே, நானே முடிச்சிடுறேன்"னு அப்பாவிடம் சொன்னார். அப்பா நல்ல மனசோடு, "தூக்கின வண்டியைத் தாங்குற ஸ்டாண்ட் நம்ம வீட்ல இருக்கு சார், எடுத்துக்கங்க" என்றார். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு எதுக்கு சார், அதான் ஜாக்கி இருக்கே" என்றார். நான் துணி உலர்த்திக்கொண்டு அங்கேதான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது, படித்தவருக்கு நாம் என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் என் மேலேயே கோபம்.

நான் ஏன் விழுங்கினேன் என்று உனக்குப் புரியும். இருபத்திரண்டு வருஷம் பஸ் பணிமனையில், கம்பி வலை போட்ட அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு போல்ட் கூட முறுக்கியதில்லை. ஆனால் ஜாக்கி கேட்டு வருகிறவர்கள் கூடவே ஸ்டாண்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் ஜாக்கி வெளியே போகும், அது நானாக வைத்துக்கொண்ட சட்டம். அதனால் எனக்குக் கையெழுத்தம்மா என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஃபோர்மேன் எல்லார் முன்னாலும், "சாவிக்கொத்து வச்சிருக்கிறவங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்"னு கேட்பார், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓய்வு பெற்று வரும்போது அந்தச் சிரிப்பும் என்கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு அப்பா அந்தப் பழைய காரை வாங்கித் தானே ரிப்பேர் பார்ப்பேன் என்று கிளம்பியபோது, சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும் வந்தால்தான் கார் வீட்டுக்குள் வரும் என்று நான் பிடிவாதம் பிடித்ததும், அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் போல்ட்டில் வழுக்கி வழுக்கி டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நடுநடுவே அவர் மூச்சைப் பிடித்து இழுப்பதும் கேட்டது. அப்புறம் தொம் என்று ஒரு சத்தம். கனமான பீரோவைச் சாய்த்துவிட்டது போல. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, ஸ்பேனர் சத்தமும் இல்லை, மனுஷக் குரலும் இல்லை. கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் வாசலைத் தாண்டும்போதுதான் அவர் மனைவி அலறினாள்.

போய்ப் பார்த்தால் கார் நான்கு சக்கரத்திலும் நிற்கிறது, ஆனால் அதன் அடியிலிருந்து சாருடைய இரண்டு கால்கள் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் வீட்டு வாசல் தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்கும் இல்லையா, அந்தச் சரிவில் வைத்தே ஒரு பக்கத்தைத் தூக்கியிருக்கிறார். பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கவில்லை. காரோடு வந்த சின்ன ஜாக்கி, அதன் அடியில் ஒரு மெல்லிய பலகை, பக்கத்தில் பாதுகாப்புக்கு என்று இரண்டு செங்கல். இறுகிப்போன போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் இழுத்ததில் கார் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது, ஜாக்கி பல்டி அடித்துவிட்டது, செங்கல் இரண்டும் பொடி. சக்கரத்தைக் கழற்றாமல் இருந்ததால் டயர் தாங்கிக்கொண்டது, இல்லாவிட்டால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். ஆனாலும் வண்டி அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. மூச்சு விட இடமில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்த அவர் கை மட்டும் தரையைப் பிராண்டிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி இரண்டு காலையும் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் போட்ட சத்தம் எனக்கே புதுசு குட்டி. "இழுக்காதே, கையை எடு, கல்லைக் கொண்டாந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடு"ன்னு கத்தினேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பிறகு பூந்தொட்டியோரம் கிடந்த கருங்கல்லைத் தூக்கி வந்து வைத்தாள். அப்பா அதற்குள் வந்துவிட்டார். அவரிடம், "ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கிட்டே நம்ம ஸ்டெப்னியை உருட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நம் வீட்டு ஷெட்டுக்கு ஓடினேன். ட்ராலி ஜாக்கியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தபோது அது தெருவெல்லாம் கடகடவென்று அதிர்ந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, தகடு தடிப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, ஜாக்கி வைப்பதற்கென்றே செய்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் புதிதாக வரும் ஒவ்வொருவனுக்கும் அந்த இடத்தை, பணிமனை அதிகாரிகளின் காருக்கென்று படம் போட்ட அட்டையில் காட்டியிருக்கிறேன். கை தானாகப் போய் அங்கே நின்றது. பிடியை மாட்டி அழுத்த ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். முதல் எட்டு அழுத்தத்துக்கு ஸ்பிரிங் மட்டும் நீண்டது, கார் எழும்பவே இல்லை. பன்னிரண்டாவது அழுத்தத்தில் கீழேயிருந்து ஒரு மூச்சு வந்தது பார், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நீளமாக, கரகரவென்று. அதை விட நல்ல சத்தத்தை நீ பிறந்தபோது அழுததற்கப்புறம் நான் கேட்டதே இல்லை.

அதோடு விட்டுவிடவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கி, அப்பா கொண்டுவந்த ஸ்டெப்னியைப் படுக்க வைத்து உள்ளே தள்ளினோம், அதன் பக்கத்திலேயே ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி வண்டியின் பாரத்தை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்தேன். இனிமேல் ஜாக்கி செத்தாலும் வண்டி இறங்காது. பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தைக் குனிந்து பார்த்தேன். முகமெல்லாம் கிரீஸ், கண் மட்டும் வெள்ளையாக முழித்துக்கொண்டிருந்தது. "அசையாதீங்க சார், வண்டி இனிமே நம்ம பேச்சைக் கேக்கும்" என்றேன். அவர் அரைமூச்சில், "ஸ்டாண்ட் வச்சாச்சா" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

ஆம்புலன்ஸ் வர பதினான்கு நிமிஷம் ஆயிற்று. வந்த பெண் முழங்காலில் உட்கார்ந்து டார்ச் அடித்து உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "யார் இதைத் தூக்கி நிறுத்தினது"ன்னு கேட்டாள். தெருவில் கூடியிருந்த அத்தனை ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாருடைய மனைவி என் கையைத் தூக்கிக் காட்டினாள், ஏதோ குத்துச்சண்டையில் ஜெயித்தவளின் கையைத் தூக்குவது போல. அந்தப் பெண், "நாங்க வர்ற வரைக்கும் காத்திருந்தா ஆள் இருந்திருக்க மாட்டார்ம்மா, இழுத்திருந்தா அதைவிட மோசம்" என்றாள். நான்கு விலா எலும்பும் ஒரு தோள்பட்டை எலும்பும் முறிவு, நுரையீரலில் சின்னக் கீறல். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. போன புதன்கிழமை தானே நடந்து படியேறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக நம் வீட்டுக்கு வந்து, நான் நீட்டிய நாற்காலியிலும் உட்காராமல், நின்றபடியே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமா புவியீர்ப்பு நடத்துறேன், என் வீட்டு வாசலுக்கு அது பொருந்தாதுன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

சேதி எப்படியோ பணிமனை வரைக்கும் போய்விட்டது. அந்தப் பழைய ஃபோர்மேன் ஃபோன் செய்தார். குரல் தேய்ந்து போயிருக்கிறது, வயசாகிவிட்டது. "அம்மா, நான் கிண்டல் பண்ணின அத்தனை நாளும் என் ஆளுங்க ஒருத்தன் மேலகூட வண்டி விழல, அது ஏன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்" என்றார். நான் பெரிய மனுஷியாக ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். "ஆமாம், யோசிங்க"ன்னு சொல்லிவிட்டேன். அப்பா ஹாலில் உட்கார்ந்து கைதட்டினார். இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருவில் மூன்று வீட்டார் நம் ஸ்டாண்டைக் கேட்டு வந்தார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். கையெழுத்தில்லாமல் ஒரு ஆணி கூட வெளியே போகாது. முன்பு அந்தப் பேரைச் சொன்னால் காது சிவக்கும், இப்போது வாசலில் நின்று யாராவது கையெழுத்தம்மா இருக்காங்களா என்று கேட்டால் உள்ளே இருந்தே ஓ என்று குரல் கொடுக்கிறேன்.

இனி உன் விஷயம். உன் கார் ஆயிலை நானே மாற்றினேன் என்று பெருமையாக அப்பாவுக்குப் படம் அனுப்பியிருந்தாய். அப்பா பெருமைப்பட்டார், நானும் பட்டேன், என் பொண்ணு ஆச்சே. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஜாக்கி தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. அதனால் கேள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு, அந்த வேலையை இதற்கும் இந்த வேலையை அதற்கும் மாற்றிக் கொடுக்காதே. செங்கல், சிமெண்ட் கட்டை, மரத்துண்டு எதுவும் ஸ்டாண்ட் ஆகாது. சமமான கெட்டித் தரை, கியர், ஹேண்ட் பிரேக், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டு. ஸ்டாண்டில் உட்கார வைத்தபின் எழுந்து நின்று, இடுப்பால் வண்டியை நன்றாக இடித்துப் பார், நீ வெளியே இருக்கும்போது அது ஆடட்டும், விழுந்தால் விழட்டும். கழற்றிய சக்கரமோ ஸ்டெப்னியோ ஒன்றை வண்டிக்கு அடியில் போட்டு வை. இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டாதே, ஆயில் விட்டுக் காத்திரு, அவசரமாக இருந்தால் மெக்கானிக்கிடம் போ. உனக்கு இதெல்லாம் தெரியும் என்பாய். சாருக்கும் தெரியும் குட்டி.

வேலையை விடச் சொல்லவில்லை, செய், எல்லாம் கற்றுக்கொள், எனக்குக் கிடைக்காத ஸ்பேனர் உன் கையில் இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நீ நூறு வயசு நல்ல உடம்போடும் நல்ல மனுஷர்களோடும் இருக்க வேண்டும், எந்த வண்டியும் உன் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும். மறக்காமல் ஒன்று மட்டும் செய். இங்கே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், சத்தம் கேட்டது, ஓடினேன். உன் சுவருக்கு அந்தப் பக்கம் நான் இல்லை. அதனால் கீழே படுக்கும் முன் பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது சொல்லிவிடு, அப்புறம் எனக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிடு. பேசக்கூட வேண்டாம். நான் பாட்டுக்கு என் காயை நறுக்கிக்கொண்டு, நீ எழுந்து வந்து கையைத் துடைக்கிற வரைக்கும் உன் ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
(அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுத்துப் பிழை பார்க்கிறாராம்)