காதில் விழுந்தபடி அடுக்கிய நூலகத்திலிருந்து என்னை விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்
உதவி நூலகர்,
ஆங்கிலப் பிரிவு,
பொது நூலகம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நூலகத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: பணியிட மாறுதல் தொடர்ந்து மறுக்கப்படுவது – உடனே விடுவிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலமான எங்கள் தலைமை நூலகர் ஆங்கிலத்துக்குப் புது எழுத்துக்கூட்டு ஒன்றைக் கண்டுபிடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். பாராட்டுச் சான்றிதழ் தந்ததே தங்கள் அலுவலகம்தான். வாயில் வராத எழுத்து காகிதத்திலும் வரக்கூடாது என்பது அவர் கட்சி. ஆங்கில நூல்களின் பட்டியல் அட்டைகள் அத்தனையையும் அப்படியே திருத்தி எழுதிப் பெட்டிகளில் அடுக்கினார். சைக்காலஜி இங்கே 'எஸ்' பெட்டியில் இருக்கிறது.

2. எழுத்து ஒலியைப் பின்பற்றட்டும், ஐயா. யாருடைய ஒலியை? பெரியவர் பின்பற்றியது தன் வாயை. நடுவில் அவருக்கு மேல்வரிசைப் பற்களை எடுத்துவிட்டார்கள். பல்செட் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தார். பிறகு எழுதிய அட்டைகளில் 'ஸ' எல்லாம் 'ஷ' ஆயின, 'ஃப' எல்லாம் 'ப' ஆயின. பல் இருந்த காலத்து ஃபிசிக்ஸ் 'எஃப்' பெட்டியில், பல் போன காலத்து பிஷிக்ஷ் 'பி' பெட்டியில். வழக்கமான எழுத்துக்கூட்டில் அது 'பி'யில்தான் தொடங்கும். பல் போனதில் நூலகத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

வாசகர் ஒரு தலைப்பைச் சொன்னால், நான் மேலுதட்டை உள்ளே மடித்து, பெரியவர் மாதிரி சொல்லிப் பார்த்துத்தான் பெட்டியை இழுக்கிறேன். கல்லூரிப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

3. என் தலைவலி வேறு. கணவர் இறந்தபின் என் மகள் வெளியூரில் தங்கை வீட்டில் வளர்கிறாள். அந்த ஊருக்கு மாறுதல் கேட்கும்போதெல்லாம் 'இன்றியமையாதவர்' என்று ஒரே பதில் வருகிறது. என் இடத்துக்குப் பயிற்சிக்கு வந்த முதல் ஆள், "ஆளை விடுங்கம்மா, எனக்கு இந்த வேலையே வேணாம்" என்று போய்விட்டார். அடுத்தவர் ஆசையாகக் கற்றார். கற்றதும் தன் வாய்க்கு ஏற்றபடி அட்டை எழுத ஆரம்பித்துவிட்டார்! சரி, நானே எல்லாவற்றையும் பழையபடி மாற்றித் தருகிறேன் என்றால், பெரியவர் நினைவாக ஒரு அட்டையையும் தொடக்கூடாது என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. போகவும் விடவில்லை, போவதற்கு வழி பண்ணிக்கொள்ளவும் விடவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது, ஐயா.

4. சென்ற மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த என் மகள் உள்ளே திரும்பி, "அம்மா, பெரியம்மா வந்திருக்காங்க" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்த தங்கைக்கு முகமே செத்துப்போயிற்று. "எங்க பசங்க கூப்பிடறதப் பாத்துக் கத்துக்கிட்டாக்கா. சத்தியமா நான் சொல்லிக்கொடுக்கல" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5. ஜூன் முதல் வாரம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தாய் நேரில் வர வேண்டுமாம். "உனக்கு லீவு கிடைக்கலன்னா நான் போய் நின்னுக்கறேன்க்கா" என்று தங்கை நல்ல மனதோடுதான் சொல்கிறாள்.

ஆகவே, அட்டைகளைத் திருத்தச் சொல்லுங்கள், அல்லது பெட்டிகளைப் பூட்டி வையுங்கள். எதுவானாலும் பள்ளி திறக்குமுன் என்னை விடுவித்து ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நூலகத்துக்கு எனக்குப் பதில் இன்னொருத்தி கிடைக்கமாட்டாள் என்பது உண்மைதான். என் மகளுக்குக் கிடைத்துவிட்டாள், ஐயா.

இடம்: ஆங்கிலப் பிரிவு, பொது நூலகம்
நாள்: மே 9

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
உதவி நூலகர்