திஜானி வருஷத்து ஃபிரிட்ஜ்

செப்டம்பர் 9
என் பொறுப்பில் இருக்கும் மருந்தகத்து ஃபிரிட்ஜ் நேற்று நின்றுவிட்டது. முப்பத்தொரு பேருடைய இன்சுலினைத் துணியில் சுற்றி, மீன் சந்தையில் மீன் விற்கும் பெரியவர் ஹ்மிதாவின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அவரும் சர்க்கரைக்காரர்தான். "இனிமே ஊசி போட்டா பூனையெல்லாம் பின்னாடி வரும் மகளே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 12
இந்த ஃபிரிட்ஜ் ஊர்ச் சேவைக் கழகம் தந்தது. கதவில் பித்தளைத் தகடு: தலைவர் திஜானி. ஜூலைக்கு ஜூலை தலைவர் மாறுவார்; இப்போது மொன்ஜி, பல் மருத்துவர். யாரோ ஒருவர் வாய்க்குள் கைவிட்டபடியே, 'லல்லா' என்று மரியாதை மட்டும் குறையாமல் என்னிடம் பேசினார். "அது திஜானி வருஷத்துல குடுத்தது, லல்லா ரஃபீக்கா. ஜூலையிலேர்ந்து என் வருஷம். நான் கடற்கரைக்கு பெஞ்சு போடுறேன்."

திஜானியிடம் போனேன். "என் வருஷம்தான் முடிஞ்சுபோச்சே" என்கிறார்.

கம்ப்ரெசர் மட்டும்தான் போயிருக்கிறது. மாற்றப் பணம் தர ஆள் இல்லை. நோயாளிகளும் இனி ஜூலையிலிருந்து ஜூன்வரை என்று பார்த்துத்தான் படுக்க வேண்டும் போல. பெஞ்சாம், பெஞ்சு.

செப்டம்பர் 22
ஞாயிறு ஐஸ் வண்டி வரவில்லை. மருந்தெல்லாம் சூட்டில் கெட்டுப்போய்விட்டது; மற்றவர்களுக்கு எடுக்கப் போன இன்றுதான் பார்த்தேன். அது தெரியாமல் ஹ்மிதா அதையே மூன்று நாள் போட்டுக்கொண்டிருக்கிறார். காலில் ஏற்கெனவே புண். நான் ஏன் தினம் போய்ப் பார்க்கவில்லை? — பார்த்திருக்கணும். பார்க்கல.

செப்டம்பர் 29
ஹ்மிதாவுக்கு இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 3
கழகத்தில் சேர்ந்துவிட்டேன். உறுப்பினர் சொன்னால்தான் பழுது விஷயம் கூட்டத்துக்கே வருமாம். ஓட்டலில் மீன் குஸ்குஸ் விருந்து. தலைவர் மணி அடித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், என் சட்டையில் கழகச் சின்னத்தைக் குத்தினார்கள். "நம்ம குடும்பத்துக்கு வாங்க" என்று மொன்ஜி சொல்ல, இருபது பேர் எழுந்து கைதட்டினார்கள். இவர்களில் ஒருத்தர்கூட மருந்தகத்துப் படியேறியதில்லை, ரிப்பன் வெட்டிய அன்றைத் தவிர. கோமாளிக் கூட்டம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 17
பழுதைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் அவரவர் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். சட்டென்று தோன்றியதைச் சொன்னேன்: பழைய தகட்டைக் கழற்றிவிட்டு மொன்ஜி பெயரை வைக்கலாமே. மனிதர் முகம் எப்படி மலர்ந்தது! "பழசுன்னு தெரியக்கூடாது. பெயிண்ட் அடிச்சிடுவோம்" என்றார்.

அக்டோபர் 30
ரிப்பன் வெட்டியாயிற்று. அதே ஃபிரிட்ஜ், கம்ப்ரெசர் மட்டும் புதிது. நீலப் பெயிண்ட் இன்னும் காயவில்லை, மொன்ஜியின் விரலெல்லாம் நீலம். "புதிய விடியல்" என்று பேசினார். மூன்றாம் வரிசையில் திஜானி, தன் தகடு எங்கே என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கங்கெட்டவர்கள்.

ஹ்மிதா கோலூன்றிக்கொண்டு வந்திருந்தார். "பெட்டிக்குப் புதுப் பேர் வச்சிட்டாங்க. எனக்குப் புது விரல் எந்தத் தலைவர் வைப்பாரு?" என்றார். ஆனால் பெட்டிக்குள் குளிர்கிறது. எனக்கு அது போதும்.

நவம்பர் 2
பத்திரிகையில் என் படம். வெட்டி எடுத்து வைத்தேன் — மருந்தகக் கோப்புக்காகத்தான்.

மே 11
அடுத்த தலைவராக வரவேண்டியவர் பிரான்சுக்கு, மார்செய்யில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விட்டார். "நீங்க மாட்டேன்னா மறுபடியும் திஜானிதான்" என்று மொன்ஜி மிரட்டுகிறார். ஃபிரிட்ஜுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் வேண்டுமே. சரி என்றேன்.

ஜூலை 1
தலைவரின் மணி இப்போது என் கையில். கனமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 18
கண் முகாமுக்குப் பேனர் வந்தது. என் பெயர் சின்ன எழுத்தில். திருப்பி அனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து மலைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆசிரியை. தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம், பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருகிறார்களாம். திஜானி போட்டுக் கொடுத்த மோட்டார். உட்காரச் சொன்னேன், காபி கொடுத்தேன், மரியாதையாகத்தான் பேசினேன். "என் வருஷத்துல கண் முகாம் மட்டும்தான்மா. வேற எதுலயும் கை வைக்க முடியாது" என்றேன்.

"சரி லல்லா" என்றாள். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காபியைத் தொடவில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. அவள் பெயரையும் கேட்கவில்லை.