உன் காரின் குறுக்குச் சட்டத்தை அறுத்துவிட்டேன், அண்ணா

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

இதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். "சேஸியில கைய வெச்ச, கைய ஒடச்சிருவேன்" என்று எத்தனை முறை கத்தியிருப்பாய்? ஒடிக்க வா. வந்தாலே போதும் எனக்கு.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. உன் பழைய காரில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் குறுக்கே போகிறது. இரண்டு முனையும், வண்டியின் எலும்புக்கூடான சேஸியோடு பற்றவைத்தது. அது மறித்துக்கொண்டிருப்பதால் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க முடியாது. எஞ்சினையும் சேர்த்து மேலே தூக்க வேண்டும். கியர்பாக்ஸ் மக்கர் பண்ணிய ஒவ்வொரு முறையும் நீ தனியாகச் சங்கிலி மாட்டித் தூக்கினாய். கடைசி முறை கொக்கி நழுவியது. எஞ்சின் ஊசலாடி வந்து உன் நெஞ்சில் மோதியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு அண்ணி ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. உன் கூட்டாளி முனி அண்ணன்தான் எஞ்சினைத் திரும்ப இறக்கி வைத்தார். போன வாரம் அண்ணி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "ஸ்டெல்லா, என் புருஷன முழுங்கின வண்டி அது. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் காயலாங்கடைக்குப் போட்டுடப் போறேன்."

நான் காலில் விழாத குறைதான். "ஒரே ஒரு நாள் குடுங்க அண்ணி. அந்தச் சட்டத்த கழட்டி மாட்டுற மாதிரி பண்ணிட்டா இனிமே எஞ்சின தூக்கவே வேணாம். சேஸி கோணிக்கிச்சுன்னா கடைக்காரன நானே கூட்டிக்கினு வரேன்."

"பண்ணு, பாக்கலாம்" என்றார். நம்பிக்கையோடு சொன்னதாகத் தெரியவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு முழுக்க வெல்டிங் செய்கிறவள் நான். பற்றவைக்க எனக்குப் பயமில்லை. அறுக்கத்தான் பயம். அறுக்கும்போது சேஸி ஒரு நூல் நகர்ந்தாலும் கதவு மூடாது, சக்கரம் நேராக ஓடாது. அப்புறம் காயலாங்கடைதான்.

சனிக்கிழமை காலை முனி அண்ணன் சேஸிக்கு நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார். கியர்பாக்ஸுக்கு ஜாக்கியால் முட்டுக் கொடுத்தார். நான் இரும்பறுக்கும் கிரைண்டரோடு குழிக்குள் இறங்கினேன். நம் ஷெட்டு ஒரு காலத்தில் நெசவு வீடு. அந்தத் தறிக்குழியைத்தானே நீ ஆழமாக வெட்டி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வைத்துக்கொண்டாய்? வலது பக்கம் சுத்தமாக அறுந்தது. இடது பக்கம் பாதி போயிருக்கும், கிரைண்டர் தட்டை இரும்பு கவ்விக்கொண்டது. மெஷின் என் கையை உதறித் திமிறியது. தட்டு உடைந்து ஒரு சில்லு என் பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

"நிறுத்துமா! எடது பக்கம் ஸ்டாண்டு எறங்கிக்கினு இருக்குது! வெளிய வா!" என்று முனி அண்ணன் மேலிருந்து கத்தினார்.

எப்படி வருவது? படி இருப்பதே இடது பக்கம்தான். தலைக்கு மேல் இரும்பு முனகுகிறது. "வேணாம், வேணாம், அங்கியே குந்து, அசையாத!" என்று அவரே மாற்றிக் கத்தினார். அப்போதுதான் வாசலில் நின்றிருந்த அண்ணி உள்ளே ஓடி வந்தார். "ஐயோ ஆண்டவரே, இவளயும் தின்னப் பாக்குதா இது!"

தப்பு எங்கள் மேல்தான். நெசவு வீட்டில் ஒற்றைத் தறியோடு யார் நிறுத்துவார்கள்? பக்கத்திலேயே இன்னொரு குழி இருந்திருக்கிறது. மண்ணைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள். அதன் மேல்தான் இடது ஸ்டாண்டை வைத்திருந்தோம். காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை பார். நீ எப்போதும் ஜாக்கியைச் சுவர் ஓரமாகவே வைப்பாயே, உனக்குத் தெரிந்திருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பின்பக்கம் கிடந்த பழைய தறி மரத்தை அண்ணியும் முனி அண்ணனும் இழுத்து வந்தார்கள். உள்வாங்கிய தரைக்கு மேல், இரண்டு பக்கமும் கெட்டித் தரையில் படும்படி அதைக் குறுக்கே போட்டு, அதன் மேல் இன்னொரு ஜாக்கியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். கவ்விய இடம் மெல்ல விரிந்தது.

"போதும், ஏறி வா" என்றார் அண்ணி.

"இப்ப விட்டா கோணிக்கும் அண்ணி. மீதியயும் அறுத்துட்றேன்."

திட்டினார். திட்டிக்கொண்டே புதுத் தட்டை எடுத்துக் கொடுத்தார். அறுத்து முடித்தேன். முனி அண்ணன் நாலு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாம் மூடியது. சேஸியில் தடித்த தகடுகளைப் பற்றவைத்து, துளை போட்டு, அதே சட்டத்தைப் பக்கத்துக்கு இரண்டாக நாலு போல்ட்டில் மாட்டினேன்.

சாயங்காலம் சோதித்துப் பார்த்தோம். முனி அண்ணன் நாலு போல்ட்டையும் கழற்றினார். சட்டம் கையோடு வந்தது. கியர்பாக்ஸை ஜாக்கியில் மெதுவாகக் கீழே இறக்கினார். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அண்ணி மட்டும் அந்தப் போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்ளோதானா?" என்றார். "இந்த நாலு போல்ட்டு போட்டிருந்தா அவரு இருந்திருப்பாரா, ஸ்டெல்லா?"

முனி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீயே சொல். வண்டி மேல் இருந்த பிரியத்தில் ஒரு கால்வாசி எங்கள் மேல் இருந்திருக்கக் கூடாதா? அண்ணி பானெட்டை ஓங்கி ஓங்கி அடித்தார். கை சிவந்ததும் அதன் மேலேயே சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காயலாங்கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். அண்ணிதான் வாசலுக்குப் போனார். "குடுக்கலபா. வேல நடந்துக்கினு இருக்குது" என்று அனுப்பிவிட்டார்.

கியர்பாக்ஸை நாங்கள் சரி பண்ணிவிடுவோம், அண்ணா. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இந்த ஷெட்டில் இனி யாரையும் தனியாக எஞ்சின் தூக்க விடமாட்டேன். நீயே திரும்பி வந்து கெஞ்சினாலும் விடமாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா